சொன்னவர்: அக்கா

பக்கத்து அறையில் நாற்காலி ஒன்று சக்கரம் கிறீச்சிடப் பின்னால் உருண்டு சுவரில் இடித்தது. அடுத்த கணம், "மாட்டிக்கிட்டாரு! மாட்டிக்கிட்டாரு!" என்று வீடே அதிரும்படி ஒரு கூச்சல்.

சமையலறைத் தொட்டிக்குக் கீழே தலையை விட்டுக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்த பிளம்பர், பதறி நிமிர்ந்ததில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"என்னம்மா, திருடனா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாள் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இல்லப்பா. எங்க வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா."

"அவரு உள்ளயா இருக்காரு?"

"அவரு போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆச்சு. இன்னிக்குத்தான் மாட்டியிருக்காரு."

பிளம்பர் அதற்குமேல் கேட்கவில்லை. விவரமான மனிதர், தலையை மறுபடி தொட்டிக்குக் கீழேயே கொண்டுபோய்விட்டார். ஆனால் வாசகரே, நீங்கள் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. வாருங்கள், கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்ப்போம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதே கண்ணாடியை மேஜை முழுக்கத் தேடிக்கொண்டு, கணினித் திரைக்கு முன்னால் கண்ணீர் ததும்ப நிற்கிறாரே, அவர்தான் ஆதாரம் மாமா. பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது. கேட்டால் நகல் தருவார். கேட்காவிட்டாலும் தருவார்.

இந்த இனத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். குடும்பத்துக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. கல்யாண வீட்டில் எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, அழைப்பிதழைத் திருப்பி அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பவர், குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால், "ஆஸ்பத்திரியில கையில கட்டிவிட்டாங்களே ஒரு பட்டை, அதைத் தூக்கிப் போட்டுடலையே?" என்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உருகுபவர், துக்கம் கேட்கப் போன இடத்தில் தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "எத்தனை மணிக்கு? கூட இருந்து பார்த்தது யாரு?" என்று கேட்டுவிட்டுப் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுப்பவர். அழுதுகொண்டிருக்கிற விதவை பதில் சொல்வதா, அடிப்பதா?

பெரும்பாலும் பதில் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குரலில் அவ்வளவு பாசம் இருக்கும்.

மாமா ஓய்வு பெறுவதற்கு முன், கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை போடும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எந்தக் கடைக்காரர் எவ்வளவு சிரித்தாலும் நம்பாமல், கல்லை வாங்கித் தன் கல்லோடு வைத்துப் பார்த்து, அப்புறம்தான் பதிலுக்குச் சிரிப்பார். ஓய்வு பெற்றதும் சோதிக்கக் கல் இல்லை. சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வெளியூரில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தான். "பொழுது போகும்பா" என்று குடும்ப மரம் வரையும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான். உலகத்தில் பாதிக் கஷ்டம் அப்படித்தானே வருகிறது?

முதலில் மாமாவும் எல்லோரையும் போலத்தான் இருந்தார். அப்பா பெயரைத் தட்டினார், ஒரு கட்டம் வந்தது. அம்மா பெயரைத் தட்டினார், பக்கத்தில் இன்னொரு கட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. குழந்தை மாதிரிக் கைதட்டினார். பிறகு ஒரு நாள், இதே மென்பொருளைப் பற்றி யாரோ ஒருவர் பேசும் வீடியோவைப் பார்த்துத் தொலைத்தார். "இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று எழுதாவிட்டால் உங்கள் குடும்ப வரலாறு வெறும் வம்புப்பேச்சு" என்றார் அந்த ஆள். அந்தச் சொல் மாமாவின் நெஞ்சில் தைத்தது. அன்று முழுக்க அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. (மனைவி இதை மறுக்கிறார், இரண்டு வேளையும் சாப்பிட்டார், மோரும் கேட்டார் என்கிறார். இரு தரப்பிலும் ஆதாரம் இல்லை.)

மறுநாள் காலை ஆரம்பித்தது. எந்தப் பெயரைத் தட்டினாலும் அதற்குக் கீழே ஆதாரக் குறிப்பு. யார் சொன்னார், எங்கே வைத்துச் சொன்னார், போனிலா நேரிலா, சொன்னபோது தெளிவாக இருந்தாரா, தூக்கக் கலக்கமா, எல்லாம். பெரியப்பா ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார் என்பது ஒரு வரி. அதற்குக் கீழே ஆதாரம் ஒரு முழப் பத்தி. அதே பத்தியைப் பெரியப்பாவின் கல்யாணத்துக்கு மறுபடி தட்டுவார். அவர் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் மறுபடி. மணிக்கட்டு வீங்கிப் பட்டை போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. "ஆதாரம் தேடிப் போனவருக்குக் கை ஆதாரம் இல்லாம போச்சு" என்று மனைவி எண்ணெய் தடவிவிட்டார்.

அப்போதுதான் அவருக்கு ஞானோதயம். அதைத் தன் வாயாலேயே சொல்லட்டும். இதோ, பழைய வாக்காளர் பட்டியல் ஒன்றில் இன்று கண்டுபிடித்த கொள்ளுத்தாத்தாவைத் திரையிலேயே விட்டுவிட்டு, கேட்க ஆள் தேடிச் சமையலறைக்கு வருகிறார்.

"என்ன தம்பி, குழாய்ல என்ன கோளாறு?"

"வாஷர் தேஞ்சு போச்சு சார்."

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

பிளம்பர் தேய்ந்த வாஷரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். மாமா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நேரடி ஆதாரம்! நல்ல வேலைக்காரர் நீங்க. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. ஒரு பழைய பள்ளிக்கூடச் சான்றிதழ் கிடைக்குதுன்னு வைங்க. என்ன பண்ணுவீங்க?"

"பீரோவுல வைப்பேன் சார்."

"தப்பு! கீழ வைக்கவே கூடாது. பேரு, பொறந்த தேதி, அப்பா பேரு, அப்பா தொழில், வீட்டு விலாசம், மூக்குக்குப் பக்கத்துல மச்சம், எல்லாத்தையும் ஒரே மூச்சுல எடுத்துடணும். சக்கையாப் பிழிஞ்சுட்டுத்தான் அடுத்த காகிதத்தைத் தொடணும். ஆதாரத்தை ஒரே ஒரு தடவை எழுதணும். அப்புறம் காப்பி. அப்புறம் ஒட்டு, ஒட்டு, ஒட்டு. முன்ன ஒரு வாரம் ஆன வேலை இப்ப நான் டீ ஆறறதுக்குள்ள முடிச்சுடறேன்!"

"உங்க டீ எப்பவும் ஆறித்தான் கிடக்கு" என்றார் மனைவி.

அதுதான் விஷயம், வாசகரே. இந்த வேகத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இன்னும் சற்று நேரத்தில் ஒரு குடும்பமே அதனால் உடையப்போகிறது. அந்த மென்பொருளில் ஆதாரம் என்பது சுவரில் அடித்த ஆணி மாதிரி. ஒரு தடவை அடித்தால் போதும். அதில் எத்தனை சட்டை வேண்டுமானாலும் மாட்டலாம். பள்ளிக்கூடச் சான்றிதழ் ஓர் ஆணி. வாக்காளர் பட்டியல் ஓர் ஆணி. காகிதம் இல்லாதபோது, நேரில் சொன்ன மனிதரே ஓர் ஆணி. ஆணிக்குப் பெயர் உண்டு, அது எவ்வளவு உறுதி என்று காட்ட ஐந்து நட்சத்திரங்கள் உண்டு, கீழே "குறிப்புரை" என்று ஒரு சின்னக் கட்டமும் உண்டு.

தராசு சோதித்த கைக்கு நட்சத்திரம் கொடுக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? மாமா தன் உறவினர்கள் அனைவருக்கும் முத்திரை குத்தினார். சித்தப்பாவுக்கு இரண்டு: "காது கேட்காது, கேட்டது போல் பதில் சொல்வார்." மச்சினருக்கு ஒன்று. காரணம் எழுதவில்லை. மனைவிக்கு மூன்று.

"ஏன் மூணு?" என்று கேட்டார் அந்த அம்மாள், ஒரு நாள் தூசு தட்டும்போது அதைப் பார்த்துவிட்டு.

"நீ எதையும் அவசரத்துல சொல்றவ."

"உங்களைக் கட்டிக்கச் சம்மதம்னு அவசரத்துலதான் சொன்னேன். இன்னும் ரெண்டைக் குறைச்சுக்குங்க."

ஐந்து நட்சத்திரமும் வாங்கிய ஒரே மனிதப் பிறவி, மாமாவின் அக்கா. டவுன் பஸ்ஸில் ஏறினால் வந்துவிடும் தூரத்தில், மகன் மருமகளோடு இருப்பவர். குடும்பத்தில் யார் எந்த வீட்டில் பிறந்தார், யார் யாரோடு ஏன் பேசுவதில்லை, யாருக்கு எந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் என்கிற அந்த ஓர் ஆணியில்தான் மாமாவின் குடும்ப மரத்தில் முக்கால்வாசி தொங்கிக்கொண்டிருந்தது. தொங்குகிறது என்பது மாமாவுக்குத் தெரியாது. ஒட்டுகிற வேகத்தில் யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

போன வாரம் போனில் சண்டை வந்தது. உலகத்தை உலுக்கும் விஷயம் ஒன்றுமில்லை. அப்பா தன் கல்யாணத்துக்கு நண்பரின் சைக்கிளில் வந்தாராம், வழியில் சாக்கடைக்குள் விழுந்தாராம். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"கல்யாணப் போட்டோவுல அப்பா சட்டை வெள்ளை வெளேர்னு இருக்கே?"

"மாத்துச் சட்டைடா."

"மாத்துச் சட்டைக்கு என்ன ஆதாரம்?"

"அம்மா சொன்னாங்க."

"எங்கிட்ட அம்மா சொல்லலையே?"

"நீ எப்படா அம்மாகிட்ட உட்கார்ந்து பேசினே?"

"அக்கா, நீ கதை கட்டறே."

போன் வைக்கப்பட்டது. அந்த ஆத்திரத்தில் மாமா நேராகக் கணினியில் போய் உட்கார்ந்தார். சைக்கிள் என்கிற தகவலைத் திறந்தார். அதன் கீழே "சொன்னவர்: அக்கா" என்று இருந்ததைத் திறந்தார். ஐந்து நட்சத்திரங்களில் நான்கை அணைத்தார். குறிப்புரைக் கட்டத்தில் தட்டினார்: "கற்பனை அதிகம். கதை கட்டுவார். சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்." சேமித்தார். மனம் லேசாயிற்று. அக்காவை மாமா மன்னித்தும்விட்டார்.

புரிந்துவிட்டதா? அவர் சைக்கிள் என்கிற ஒரு சட்டையை அழுக்காக்கியதாக நினைத்துக்கொண்டார். அழுக்கானது ஆணி. இன்னொரு சிறு விவரமும் உண்டு. இந்த மரம் உறவினர்கள் எல்லோரும் தத்தம் போனில் பார்க்கும்படி மாமாவே பெருமையோடு பகிர்ந்து வைத்தது.

இனி வாசல் மணி அடிக்க வேண்டும். அடித்தது.

கதவைத் திறந்த மனைவி, "வாங்க அண்ணி" என்று சொல்லி முடிப்பதற்குள் அக்கா உள்ளே இருந்தார். கைப்பையை மார்போடு அணைத்தபடி, எந்தப் பக்கமும் பார்க்காமல் நேராகக் கணினி அறைக்குப் போய், இருந்த ஒரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா பின்னாலேயே ஓடினார்.

"அக்கா! வா வா, நல்ல நேரத்துல வந்தே. கொள்ளுத்தாத்தா இன்னிக்கு..."

"அவரு கிடக்கட்டும். நான் யாருடா?"

"என்னக்கா இது?"

"இல்ல, கேக்கறேன். காலையில டிபன் சாப்பிட உட்கார்ந்திருக்கோம். என் மருமக போனைப் பார்த்துப் படிக்கறா. என் பிள்ளை பேரு. பொறந்த தேதி. அதுக்குக் கீழ: சொன்னவர் அக்கா, கற்பனை அதிகம், கதை கட்டுவார், நம்ப வேண்டாம்." அக்காவின் உதடு துடித்தது. "பெத்தவ நான்! பெத்தவ சொல்றதை நம்பக் கூடாதாம்! 'அத்தை, அப்ப இவரு உங்க பிள்ளைதானா'ன்னு கேட்டுட்டு அவ சிரிக்கறா. இவன், என் பிள்ளை, அவன் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறான்."

மாமாவின் முகம் வெளிறிப்போயிற்று. பாய்ந்து மவுஸைப் பிடித்தார். அக்காவின் கல்யாணத்தைத் திறந்தார். அதன் கீழே அதே வரி. அத்தானின் மரணத்தைத் திறந்தார். அதன் கீழேயும். கண்டிப்பாகத் தலை சுற்றியிருக்கும். ஆனால் வாசகரே, இந்த இனத்துக்குத் தலை சுற்றினாலும் விளக்கம் சொல்வது நிற்காது.

"அக்கா, இது உன்மேல கோபத்துல பண்ணினது இல்ல. அதாவது, கோபத்துலதான். ஆனா ஒரே ஒரு இடத்துலதான் பண்ணினேன். இதுல ஒரு வசதி இருக்கு. ஒரு தடவை எழுதினா எல்லா இடத்துலயும் தானா வந்துடும். வேலை வேகமா முடியணும்னு..."

"ஓ. என்னை வேகமா அவமானப்படுத்தியிருக்கே."

"இதோ மாத்திடறேன். அஞ்சு நட்சத்திரம் போட்டுடறேன்."

"உன் நட்சத்திரத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. என் பேரை எடு. நான் சொன்னேன்னு ஒரு இடத்துல கூட என் பேரு இருக்கக் கூடாது. எடுக்கலேன்னா இந்த வீட்டு வாசப்படியை இனிமே மிதிக்க மாட்டேன்."

சமாதானமாகப் போயிருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கலாம். ஆனால் மாமாவுக்குள்ளிருந்த பழைய அதிகாரி விழித்துக்கொண்டார்.

"எடுக்கறேன். நீ ஒருத்திதான் ஆதாரமா? எங்கிட்ட சான்றிதழ் இருக்கு, பட்டியல் இருக்கு, போட்டோ இருக்கு."

"அப்ப எடேன்!"

"எடுத்துட்டேன்!"

எடுத்துவிட்டார். அக்காவின் பெயரில் சுட்டியை வைத்தார், "நீக்கு" என்றார், "நிச்சயமா?" என்று கணினி கேட்டது, "ஆமாம்" என்று ஓங்கித் தட்டினார்.

ஆதாரம் இல்லாத எதையும் திரையில் காட்டாதே என்று அவர் எப்போதோ அந்த மென்பொருளுக்குக் கட்டளை போட்டு வைத்திருந்தார். கீழ்ப்படிதலுள்ள கருவி அது. வேலையைத் தொடங்கியது.

முதலில் அம்மா பிறந்த வீடு போயிற்று. அப்பாவின் முதல் வேலை போயிற்று. சித்தப்பாவை ஏன் 'கடிகாரம்' என்று கூப்பிட்டார்கள் என்கிற கதை போயிற்று. பெரியம்மாவின் இரண்டு கல்யாணங்களில் ஒன்று போயிற்று. கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளிறி, கோடுகள் அறுந்து, மாமா ஆண்டுக்கணக்கில் வளர்த்த மரம் அவர் கண்ணெதிரே இலையுதிர்த்தது. கடைசியில் மிஞ்சியது என்ன? சான்றிதழ் வைத்திருந்த நான்கைந்து பேர், வாக்காளர் பட்டியலில் அகப்பட்ட கொள்ளுத்தாத்தா. அந்தக் கிழவர் நடுத்தெருவில் விட்டதுபோல் ஒரு மூலையில் தனியாக நின்றார்.

"குட்டி எங்கே?" என்றார் மாமா. குரல் உடைந்திருந்தது. "குட்டியைக் காணோமே?"

குட்டி என்பது அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவில் பிறந்த பையன். பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட குழந்தை. அவனுக்குச் சான்றிதழ் இல்லை, புகைப்படம் இல்லை. அப்பா இப்போது உயிரோடு இல்லை, அம்மாவும் இல்லை. அவன் இந்த உலகத்துக்கு வந்து போனான் என்பதற்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தில் முறைப்படி மின்னல் வெட்டியிருக்க வேண்டும். ஜன்னல் கதவு படபடவென்று அடித்து, மேஜை மேலிருந்த அம்மாவின் படம் சாய்ந்திருக்க வேண்டும். என்ன செய்வது, வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அக்காவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டு கன்னத்தில் இறங்கியது. அதே கணம் சமையலறையிலிருந்து, "நின்னுடுச்சும்மா! இனிமே ஒரு சொட்டு வராது!" என்று பிளம்பரின் வெற்றிக்குரல் கேட்டது.

மனைவி ஓடிப்போய் அவரை அனுப்பிவிட்டு வந்தார். வந்ததும் கேட்டார்:

"ஏங்க, போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாதா?"

"முடியும்" என்றார் மாமா. "ஒரே ஒரு அமுக்கு. கடைசியாப் பண்ணினதை ரத்து பண்ணுன்னு சொன்னா எல்லாம் வந்துடும்."

"அமுக்குங்களேன்!"

"அமுக்கிப் பாரு" என்றார் அக்கா. "நான் எழுந்து போயிடுவேன். நான் சொன்னதெல்லாம் வேணும். சொன்ன நான் மட்டும் பொய்க்காரியா?"

மாமாவின் விரல் அந்தரத்தில் நின்றது. ஒரு பக்கம் ஒரே ஓர் அமுக்கில் திரும்பி வரக்கூடிய முழுக் குடும்பம். இன்னொரு பக்கம் சாய்வு நாற்காலியில் கோபமாக ஒரே ஓர் அக்கா. சோதித்துப் பார்க்கத் தராசு எதுவும் கையில் இல்லை.

விரலை எடுத்துக்கொண்டார். ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு, அக்காவின் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அமுக்கலக்கா. நீ சொல்லு. ஒண்ணொண்ணா சொல்லு, நான் தட்டறேன். காப்பி இல்ல, ஒட்டறது இல்ல. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல."

"கை வீங்கும்."

"வீங்கட்டும்."

"கேள்வி கேட்பே."

"கேக்க மாட்டேன்."

"ஆதாரம்?"

"நீ சொன்னேங்கறதுதான் ஆதாரம்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். பெரிய அக்காமார்களுக்கு அழுகை தீரும்போது கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். தம்பிகளாகப் பிறந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். மாமாவின் மனைவி அதைப் பார்த்தார். நாற்காலி பக்கம் வந்து நின்றுகொண்டார். இதைத் தவறவிட முடியுமா?

"முதல்ல என்னையே எழுது. நான் பொறந்த வருஷம்."

"சொல்லு."

சொன்னார்.

மாமாவின் விரல்கள் அந்த எண்ணைத் தட்டின. தட்டிய பிறகுதான் மூளைக்கு எட்டியது. திரையின் நடுவில் மஞ்சள் கட்டம் ஒன்று எழுந்தது: "கவனிக்கவும். மூத்த சகோதரி, இளைய சகோதரர் பிறந்த பிறகு பிறந்திருக்கிறார். இத்தேதி சரிதானா?"

மாமா திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மனைவி மின்விசிறியைப் பார்த்தார். நீ எனக்கு அப்புறம் பிறந்திருந்தால் எனக்கு முன்னால் பிறந்த குட்டியை எப்படி அக்கா பார்த்திருப்பாய், என்று ஒரு கேள்வி அவர் தொண்டைவரை வந்தது. தொண்டையில் உருண்டது. வெளியே வர முட்டியது. ஆயுள் முழுவதும் ஒரு கல்லைக்கூடச் சோதிக்காமல் விட்டதில்லை அந்த மனிதர்.

"என்னடா, எதாவது கேக்கணுமா?"

"இல்லக்கா."

"அது என்னமோ மஞ்சளா கேக்குதே?"

"அதுக்கு என்ன தெரியும், மெஷின்" என்றார் மாமா. "சரி" என்பதை அமுக்கினார். சொன்னவர் என்ற இடத்தில் "அக்கா" என்று முதலிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். ஐந்து நட்சத்திரங்களையும் ஒவ்வொன்றாக ஏற்றினார். குறிப்புரைக் கட்டம் கண் சிமிட்டிக் காத்திருந்தது. அதை வெறுமையாகவே விட்டார்.

அக்கா குனிந்து எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். நட்சத்திரங்களை விரலால் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

"இது போதும். மிச்சத்தை உன் வித்தையில ஒரே அமுக்கா அமுக்கிக்கோ. நான் ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருந்தா என் பஸ்ஸு போயிடும்."

மாமா அமுக்கினார். வீடு வந்தது, வேலை வந்தது, கடிகாரம் வந்தது, பெரியம்மாவின் கல்யாணம் வந்தது. குட்டி தன் சின்னக் கட்டத்தில் வந்து உட்கார்ந்தான். பழைய நட்சத்திரமும் அந்தக் குறிப்புரையும் கூடவே வந்தன; மாமா அந்த ஆணியைத் திறந்து, நட்சத்திரங்களை மறுபடி ஐந்தாக்கி, தான் எழுதிய மூன்று வரிகளையும் அழித்தார். மரம் முழுக்க அந்த வரிகள் அழிந்தன. வேகம் என்றால் அதுவல்லவா வேகம்! ரத்தோடு ரத்தாகப் போன அக்காவின் பிறந்த வருஷத்தையும் கையோடு மறுபடி தட்டினார். மஞ்சள் கட்டம் மறுபடி கேட்டது. "சரி" என்று அவரும் மறுபடி சொன்னார். கொள்ளுத்தாத்தாவைச் சுற்றிச் சொந்தம் பந்தம் எல்லாம் வந்து கூடிக்கொண்டது.

மனைவி கொடுத்த டீயை அக்கா சூடாகக் குடித்தார். மாமாவும் அன்றைக்குச் சூடாகக் குடித்தார். பிறகு அக்கா எழுந்து, தலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நடந்தார். செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டிருக்கிறார். வார் கொஞ்சம் இறுக்கம், நேரம் ஆகும். அதற்குள் உங்களிடம் ஒரு வார்த்தை.

முகத்தைப் பார்த்தால் தெரிகிறதே, வாசகரே. உங்களுக்கு உள்ளே ஏதோ அரிக்கிறது. அக்காவின் உண்மையான பிறந்த வருஷம் என்ன என்று மனம் கணக்குப் போடுகிறது, இல்லையா? மகனின் பிறந்த தேதியிலிருந்து பின்னால் போகலாமே, பள்ளிக்கூடத்தில் எங்காவது பதிவு இருக்குமே, கல்யாணத்தன்று என்ன வயது சொன்னார்கள் என்று யாரையாவது கேட்கலாமே என்று தோன்றுகிறதா? அந்தச் சைக்கிள் விஷயத்தில் மாற்றுச் சட்டை பொய்யா மெய்யா என்று கூட, இன்னும் ஓரமாக யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் நீங்கள் யாருக்கு எத்தனை நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்பதை நான் கேட்கப்போவதில்லை. அவர்கள் ஒரு நாள் மணி அடிப்பார்கள்.

வார் மாட்டியாயிற்று. கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா திரும்பினார். கதவைப் பிடித்தபடி வழியனுப்ப நின்ற மாமாவை, பிறந்த நாளிலிருந்து தான் "டேய்" என்று மட்டுமே கூப்பிட்ட தம்பியை, புடவைத் தலைப்பை இழுத்துப் பணிவாக நின்று பார்த்தார்.

"அப்ப நான் வரட்டுமா, அண்ணா?"

மாமா கதவை அகலத் திறந்து பிடித்தார்.

"பார்த்துப் போம்மா, தங்கச்சி" என்றார்.

படியிறங்கும் சிரிப்பு தெரு முனைவரை கேட்டது. அப்புறம்தான் கதவைச் சாத்தினார்.